தாய்மாரின் சோகையும் லூசி வில்ஸ் அம்மையாரும்

என்னிடம் முன்னர்த் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி தன் தாயாருடன் ஒருநாள் எம் இல்லத்திற்கு வந்திருந்தாள். மணமாகி முதற் கருவைத் தாங்கியிருந்தாள். கைப்பையிலிருந்து இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து, "ஐயா, இரத்தம் பத்து என்கிறார்கள்; அது புரிகிறது. அதற்குக் கீழே எம்.சி.வி. என்று ஓர் எண் இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் முகம் மாறியது. அஃது என்ன?" என்று கேட்டாள். மொழியாசிரியனிடம் கேட்கத்தக்க வினா அன்று. ஆயினும் ஆசிரியன் என்றால் எல்லாம் அறிந்தவன் என்னும் எண்ணம் நம் மாணவரை விட்டு இன்னும் போகவில்லை. தெரியாது என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்பு தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, அந்த ஓர் எண்ணுக்குப் பின்னே பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளும், சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா மருத்துவமனையும், நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் ஒரு கறுப்புக் குப்பியும் வரிசையாக நிற்பதைக் கண்டேன். அவ்வரலாற்றை ஆசிரிய அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், அவள் 'புரிகிறது' என்று சொன்ன எண்ணையே நோக்குவோம். அதுவும் அத்தனை எளிதில் புரிவதன்று. நம் பெண்டிர் பேச்சில் 'இரத்தம் பத்து', 'ஒன்பதுக்கு இறங்கிவிட்டது' என்று வழங்குவது இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் குறிப்பதன்று. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளின் செறிவைக் குறிப்பது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் அப்பொருள் எத்தனை கிராம் உளது என்பதே அந்த எண். உயிர்வளியைச் சுமந்து செல்வது இப்பொருளேயாதலால், இது குறைந்தால் தாய்க்குக் களைப்பும் மூச்சிரைப்பும் உண்டாகும். பேற்றின்போது சிறிது இரத்தம் மிகுதியாகப் போனாலும் தாங்கும் ஆற்றல் இராது.

இதனை அளக்கும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எளிதாயிற்று. 1878ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கவர்ஸ் என்னும் மருத்துவர், இரத்தத்தை நீரில் கரைத்து அதன் நிறத்தை ஒரு நிலையான நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சிறு கருவியை அமைத்தார். பின்னர் 1902ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துச் சாலி என்பார், அமிலம் சேர்த்துப் பழுப்பு நிறமாக்கி ஒப்பிடும் முறையைக் கொணர்ந்தார். ஆசியாவின் சிற்றூர் மருத்துவமனைகளிலெல்லாம் நெடுங்காலம் இருந்தது இந்தச் சாலி கருவியே. கண்ணால் நிறம் பார்க்கும் கருவியாதலின், பார்ப்பவர் கண்ணையும் அறையின் வெளிச்சத்தையும் பொறுத்து விடை சற்றே மாறும். விடையை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் வழக்கமும் அன்று இருந்தது. "எனக்கு அப்போது அறுபது விழுக்காடுதான் இரத்தம்" என்று முதிய பாட்டிமார் சிலர் சொல்வது அவ்வழக்கின் எச்சம். இதில் வேடிக்கை யாதெனின், நூறு விழுக்காடு என்பது எத்தனை கிராம் என்பதில் கருவிக்குக் கருவி வேற்றுமை இருந்தது. பழைய அறிக்கைகளைப் படிப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

கருவுற்ற பெண்ணின் எண்ணைப் படிப்பதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கருவுற்ற உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி நாற்பது, ஐம்பது விழுக்காடு வரை பெருகுகிறது. சிவப்பணுக்களும் பெருகுகின்றன, ஆயினும் இருபது, முப்பது விழுக்காட்டளவே பெருகுகின்றன. பாலும் கூடியிருக்கிறது, அதில் கலந்த தண்ணீர் அதைவிட மிகுதியாகக் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே எண் இறங்குவது ஓரளவு இயற்கையே. இதனைக் கருதியே உலகச் சுகாதார நிறுவனம் கருவுற்ற மகளிர்க்கு முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் பதினொரு கிராமும், நடு மூன்று மாதங்களில் பத்தரைக் கிராமும் கீழெல்லையாகக் கொள்கிறது. என் மாணவி அப்போது நடு மாதங்களில் இருந்தாள். பத்து என்பது அரைக் கிராமே குறைவு. முதல் எண்ணால் மட்டும் மருத்துவர் முகம் மாற வேண்டிய காரணம் இல்லை.

சோகை என்னும் சொல்

இக்குறைபாட்டைத் தமிழில் சோகை என்கிறோம். சித்த மருத்துவ நூல்களில் 'பாண்டு' என்ற பெயரும் வழங்கும். பாண்டு என்றால் வெளிறிய நிறம்; பாரதத்துப் பாண்டு மன்னன் பெயரும் அதுவே. சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் வரும் 'பசலை'யையும் சோகையையும் ஒன்றாக்கி எழுதுவோர் சிலர் உளர். அஃது ஏற்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. பசலை பிரிவால் தோன்றி, தலைவன் வந்ததும் மறைவது. சோகை எந்தத் தலைவன் வந்தாலும் மறையாது. ஆனால் புறநானூற்றின் இருபதாம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சொல்லும் ஒரு செய்தி உண்மையிலேயே இப்பொருளோடு தொடர்புடையது. சேரன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண இயலாது, வேட்கையுற்ற கருவுற்ற மகளிரே உண்பர் என்பது அதன் கருத்து. கருவுற்ற பெண் மண்ணையும் சாம்பலையும் தின்ன விழைவதை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களுள் ஒன்றாக இன்றைய மருத்துவர் கருதுகின்றனர். புலவர் அரசனைப் புகழ்வதற்காகச் சொன்னது, அக்காலத்துத் தாய்மாரின் உடல் நிலையையும் சேர்த்தே நமக்குக் காட்டிவிடுகிறது.

சோகை என்ற ஒரு சொல் இருப்பதாலேயே அது ஒரு நோய் என்று எண்ணிவிடுகிறோம். அது நோயன்று, பல நோய்களின் விளைவு. அவற்றைப் பிரித்தறியப் பயன்படுவதே மாணவி கேட்ட அந்த இரண்டாம் எண். எம்.சி.வி. என்பது சிவப்பணு ஒன்றின் சராசரிப் பருமன். இரத்தத்தில் சிவப்பணுக்கள் அனைத்தும் அடைத்துக்கொள்ளும் இடத்தை அவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும். இக்கணக்கை 1929ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் மாக்சுவெல் விண்ட்ரோப் ஒழுங்குபடுத்தினார். விடை ஃபெம்டோலிட்டர் என்னும் அலகில் வரும். ஒரு லிட்டரை ஆயிரம் இலட்சங்கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோலிட்டர். எண்பது முதல் நூறு வரை இயல்பு.

இரும்பு போதாவிடில் அணு சிறுக்கும். பெற்றோர் வழிவரும் தலசீமியா என்னும் மரபுக் குறையிலும் அணு சிறுத்தே காணும். என் மாணவியின் எண் எழுபதை ஒட்டியிருந்தது. மருத்துவர் இரும்பு மாத்திரையோடு நிறுத்தாமல் தலசீமியாச் சோதனைக்கும் எழுதியதும், கணவனையும் அழைத்து வரச் சொன்னதும் இதனாலேயே. தாயும் தந்தையும் இருவரும் அக்குறையைச் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு கொடிய தலசீமியா நேரும் வாய்ப்புண்டு. நல்வாய்ப்பாக அவள் கணவனின் இரத்தத்தில் அக்குறை இல்லை. அந்தச் செய்தி வரும் வரையில் இரு வாரங்கள் அவ்வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை என்று தாயார் பின்னர்ச் சொன்னார்.

அணு பெருத்துக் காணும் சோகை ஒன்றும் உண்டு. அதன் வரலாறே நாம் விரித்துரைக்க எடுத்துக்கொண்டது.

காரணம் தெரியாத மரணங்கள்

1842ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வால்ட்டர் சானிங் என்னும் மருத்துவர், கருவுற்ற நிலையிலும் பேற்றை ஒட்டியும் பெண்கள் இரத்தமெல்லாம் வற்றியவர்போல் வெளிறி இறப்பதைப் பற்றி எழுதினார். இரத்தப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. ஆயினும் உயிர் போயிற்று. ஏழு ஆண்டுகளுக்குப் பின் இலண்டனில் தாமஸ் அடிசன், ஆண் பெண் இரு பாலாரிடத்தும் மெல்ல மெல்ல வளர்ந்து கொல்லும் ஒரு சோகையை எடுத்துரைத்தார். அது 'கொல்லும் சோகை' எனப் பெயர் பெற்றது. அந்நோயாளரின் இரத்தத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் தொகை குறைந்தும் உருவம் பெருத்தும் இருக்கும். கருவுற்றோரிடம் காணப்படுவதும் அதே தோற்றம் உடையதாகையால், 'கருக்காலக் கொல்லும் சோகை' என்று அதற்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டனர். பெயர் ஒன்றானதால் நோயும் ஒன்றே என்ற மயக்கம் நெடுநாள் நீடித்தது.

1926ஆம் ஆண்டில் பாஸ்டனில் மைனட், மர்பி என்னும் இருவர் கொல்லும் சோகையுடையோர்க்கு நாள்தோறும் அரை இராத்தல் ஈரல் உண்பித்துப் பிழைக்கவைத்தனர். அதற்கு வழிகாட்டியவர் விப்பிள். மூவருக்கும் 1934ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. ஈரலில் உள்ள அந்த மருந்துப்பொருள் யாது என்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் தேடத் தொடங்கிய காலத்தில்தான் லூசி வில்ஸ் பம்பாயில் வந்திறங்கினார்.

அம்மையாரின் இளமை

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தவர். அரிவாள் முதலிய வெட்டுக் கருவிகள் செய்யும் தொழிற் குடும்பம். தந்தையார் அறிவியல் கற்றவர். கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியில் தாவரநூலும் நிலநூலும் பயின்று 1911ஆம் ஆண்டில் தேர்வுகளை முடித்தார். முடித்தார் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் 1948ஆம் ஆண்டு வரை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியதில்லை. முதல் உலகப் போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். கேப்டவுனில் சிலகாலம் செவிலியாகப் பணியாற்றினார். 1915ஆம் ஆண்டு தாயகம் திரும்பி, இலண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சார்ந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவரானபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. நோயாளரைப் பார்க்கும் மருத்துவத்தை விட்டு, இரத்தமும் சிறுநீரும் ஆராயும் ஆய்வுக்கூடத்தையே அவர் தேர்ந்துகொண்டார்.

இந்தியாவில் பெண் மருத்துவப் பணியில் நெடுங்காலம் இருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபர் அம்மையார், தாய்மார் இறப்பைப் பற்றிய விசாரணை ஒன்றை அப்போது நடத்திவந்தார். பம்பாயில் கருவுற்ற பெண்கள் பெருஞ்சோகையால் மாய்வது அவருக்குப் பெரும் கவலையாயிருந்தது. அவர் அழைப்பை ஏற்று 1928ஆம் ஆண்டில், தமது நாற்பதாம் வயதில், லூசி வில்ஸ் பம்பாய்ப் பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். கொள்ளைநோய்த் தடுப்பூசி கண்ட ஹாஃப்கின் 1899ஆம் ஆண்டில் நிறுவிய நிலையம் அது. அதனைச் சூழ்ந்திருந்தவை பஞ்சாலைகளும் அவற்றின் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளும்.

அடுக்களையில் தேடிய அறிவு

ஆய்வுக்கூட மருத்துவர் ஒருவர் இரத்தத் துளியோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிரார். லூசி வில்ஸ் துளியைப் பார்த்தபின், அந்தத் துளி எந்த வீட்டிலிருந்து வந்தது, அங்கே என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டார். பல வகுப்பு, பல சமயப் பெண்களின் உணவை அவரும் உடனுழைத்தோரும் கணக்கெடுத்தனர். எம். எம். மேத்தா, எஸ். என். தல்பதே ஆகியோர் பெயர்கள் அவர் கட்டுரைகளில் உடன் காணப்படுகின்றன. கிடைத்த விடை தெளிவானது. வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பெருத்த அணுச் சோகை அரிது. மிகவும் வறிய பெண்களிடத்தே மிகுதி. அவர்களுள்ளும் ஏழை முஸ்லிம் பெண்களின் உணவே மிகக் குறைபாடுடையதாக இருந்தது, அவர்களே மிகுதியாக நோயுற்றனர். காய்கறியும் பழமும் புரதமும் அவ்வுணவில் அருகியிருந்தன.

இதனை இன்று படிக்கும்போது இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். அக்காலத்தில் பெரும்பாலோர் நோய் என்றால் கிருமியையோ நஞ்சையோதான் தேடினர். கிருமி இல்லாத இடத்தில் 'இல்லாமை'யே நோய்க்குக் காரணமாகலாம் என்பது வைட்டமின் ஆராய்ச்சி தந்த புதிய பாடம். சோகைக்கு அப்பாடத்தைப் பொருத்திப் பார்த்ததே அம்மையாரின் துணிவு.

1929ஆம் ஆண்டு கோடையில் அவர் நீலகிரி மலையில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திற்குச் சென்றார். உணவாராய்ச்சியில் புகழ்பெற்ற ராபர்ட் மெக்காரிசன் அங்கே இருந்தார். 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் 'ஜாதி மற்றும் கோஷா' மருத்துவமனையில் பணியாற்றினார். இப்பெயரைச் சற்று விளக்க வேண்டும். ஆண் மருத்துவர் முன் வர இசையாத சாதி இந்துப் பெண்களுக்கும், கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களுக்கும் என்று 1885ஆம் ஆண்டில் மேரி ஷார்லீப் அம்மையார் தொடங்கிய மருத்துவமனை அது. ஷார்லீப் 1875ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவர். பின்னாளில் இலண்டனில் அதே ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாற்றியவர். அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு, அவர் பணியாற்றிய இடத்திலிருந்தே நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் லூசி வில்ஸ் வந்தது பொருத்தமாகவே அமைந்தது. பெண் மருத்துவர் இல்லாதிருந்தால் அப்பெண்களின் கையிலிருந்து ஒரு துளி இரத்தமும் ஆய்வுக்கூடத்தை அடைந்திராது. திருவல்லிக்கேணி மக்கள் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்கினர். பிற்காலத்தில் அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறியது.

ஆராய்ச்சி நேர்வழியில் சென்றுவிடவில்லை. வறிய பெண்களின் உணவைப் போன்றதொரு உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் சோகையுற்றன, ஈஸ்ட் கொடுத்ததும் அச்சோகை தடைப்பட்டது. கருத்து மெய்ப்பட்டது போலத் தோன்றிய வேளையில், எலிகளின் உடலில் இருந்த பேன்கள் ஒருவகைக் கிருமியைப் பரப்பியிருந்தமை தெரியவந்தது. சோகை உணவால் வந்ததா, பேனால் வந்ததா என்று சொல்ல இயலாமற் போயிற்று. எலிகளை விட்டுக் குரங்குகளைக் கொண்டார். அதே எளிய உணவில் குரங்குகளுக்கும் பெருத்த அணுச் சோகை உண்டாயிற்று. சாகும் நிலையை அடைந்த குரங்கு ஒன்றுக்கு, வேறு வழியின்றி, மார்மைட் என்னும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தனர். அக்குரங்கு எல்லாரும் வியக்கும்படி பிழைத்தெழுந்தது.

மார்மைட் என்றதும் வாசகர் சிலர் புன்முறுவல் பூப்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு அரிசிக் கஞ்சியில் அந்தக் கறுப்புப் பாகைக் கரைத்துக் கொடுக்காத வீடு குறைவு. 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் மதுவடிப்பில் மிஞ்சிய ஈஸ்டைக் கொண்டு செய்யத் தொடங்கிய பொருள் அது. கழிவிலிருந்து பிறந்த பொருளாதலின் விலையும் மலிவு. ஈரலைத் தொடாத மரக்கறி உணவினரும் அதனை உண்ணலாம். பம்பாய்ப் பெண்களுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தபோது, ஈரலுக்கு நிகராக அது வேலை செய்தது. இளஞ்சிவப்பணுக்கள் சில நாட்களிலேயே இரத்தத்தில் பெருகலாயின. படுக்கையாய்க் கிடந்தோர் எழுந்தனர். 1931ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அம்மையார் இதனை வெளியிட்டார்.

ஈரலுக்குள் ஒளிந்திருந்த இரண்டாம் பொருள்

ஈரல் எல்லாவற்றையும் கொண்டது. இரும்பும், பின்னர் பி-12 எனப் பெயர் பெற்ற உயிர்ச்சத்தும், ஈஸ்டில் இருந்த அந்தப் பெயரறியாப் பொருளும் அதில் ஒருங்கே உள்ளன. 'சோகைக்கு ஆட்டீரல்' என்று நம் தாய்மார் சொல்வதில் பிழையில்லை. எந்தச் சோகையானாலும் அதில் ஏதோ ஒன்று உதவும். ஆனால் காரணத்தைப் பிரித்தறிய விரும்பும் ஆராய்ச்சியாளருக்கு அதுவே இடையூறு. 1930களில் மருந்துக் கூடங்கள் ஈரலிலிருந்து தூய்மையான சாறுகளைச் செய்தன. அடிசன் கண்ட கொல்லும் சோகைக்கு அவை நன்கு பயன்பட்டன. அதே தூய சாற்றை லூசி வில்ஸ் தம் குரங்குகளுக்குக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. தூய்மையாக்கப்படாத பழைய ஈரற்சாற்றைக் கொடுத்தால் சோகை நீங்கிற்று. ஆகவே தூய்மை செய்கையில் ஏதோ ஒரு பொருள் கழிந்துபோகிறது. அதுவே கருக்காலச் சோகையின் மருந்து. எனவே இரு சோகைகளும் ஒன்றல்ல. 1937ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவுக்குப் பின், அப்பொருளை 'வில்ஸ் பொருள்' என்றே பலரும் குறிப்பிடலாயினர். அவர் சாதித்தவற்றுள் மார்மைட் கதையே பலராலும் பேசப்படுகிறது. என் கருத்தில் இந்தப் பிரித்தறிவே அதனினும் பெரியது.

பொருளின் உருவம் தெரிய மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மிச்சல், சினெல், வில்லியம்ஸ் ஆகியோர் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து ஒரு சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. அதனால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அதனை 1945ஆம் ஆண்டில் செயற்கையாகச் செய்து காட்டியது லெடர்லி ஆய்வுக்கூடக் குழு. அக்குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ஆம் ஆண்டில் ஆந்திரத்துப் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் வழியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் இன்றிக் குறைந்த தகுதிச் சான்றோடு வெளியேறியவர். தம் உடன்பிறந்தாரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். ஸ்ப்ரூவிலும் பெருத்த அணுச் சோகையே தோன்றும். அதற்கும் ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. அமெரிக்கா சென்றபின் 1925ஆம் ஆண்டில் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து இரத்தத்திலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையைக் கண்டவரும் இவரே. 1948ஆம் ஆண்டில் தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

இலை தரும் சத்து என்பதால், கீரை உண்பவர்க்குக் குறையே இராது என்று எண்ணலாகாது. இச்சத்து நீரில் கரைவது, வெப்பத்தில் அழிவது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் தட்டில் பச்சை நிறந்தான் மிஞ்சும். உடலில் இதன் வேலை, உயிரணு பிளந்து இரண்டாவதற்கு வேண்டிய மரபுப்பொருளைப் படியெடுக்க உதவுவது. இது போதாவிடில் எலும்புச்சோற்றில் உள்ள இளம் அணு வளர்கிறது, ஆனால் பிளக்க முடிவதில்லை. பெருத்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. கருவிலுள்ள குழவியோ நாள்தோறும் அணுவைப் பெருக்கிக்கொண்டேயிருப்பது. ஆதலால் தாயின் கையிருப்பு விரைவில் தீர்ந்துபோகிறது. லூசி வில்ஸ் பம்பாயில் உருப்பெருக்கி வழியே கண்ட பெருத்த அணுவின் பொருள் இதுவே.

இங்கே பரிசோதனைத் தாளைப் படிப்போர் அறிய வேண்டிய இரு எச்சரிக்கைகள் உள. வறுமையில் ஒரு சத்து மட்டும் தனியாகக் குறைவதில்லை. இரும்பும் ஃபோலிக் அமிலமும் ஒருங்கே குறைந்தால், ஒன்று அணுவைச் சிறுக்கச் செய்யும், மற்றொன்று பெருக்கச் செய்யும். சராசரி எண் தொண்ணூறு என்று ஒழுங்காகவே காட்டும். எம்.சி.வி. இயல்பு என்ற ஒன்றை மட்டும் பார்த்து அமைதியுறலாகாது. மற்றொன்று, பி-12 குறைந்தவர்க்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் சோகை மறையும், நரம்புக்கேடு உள்ளே வளரும். பி-12 பிரித்தெடுக்கப்பட்டது 1948ஆம் ஆண்டில்தான். மருந்து எது என்று தாமே முடிவு செய்துகொள்ளாமல் மருத்துவரிடம் விட வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேறில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அம்மையார் இலண்டனிலேயே இருந்தார். கருவுற்ற பெண்களுக்கு வழக்கமாக இரும்பு கொடுப்பதால் ஹீமோகுளோபின் எவ்வாறு மாறுகிறது, போர்க்கால உணவுப் பங்கீட்டால் என்ன விளைந்தது என்பவற்றை உடனுழைப்பாளர் சிலரோடு ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் மருத்துவ நிலையங்களில் தாய்மாரின் இரத்தத்தைத் திரும்பத் திரும்ப அளந்து குறிப்பேட்டில் வரிசையாக எழுதும் வழக்கத்தை நோக்கும்போது, அத்தகைய பழைய ஆய்வுகளை நினைக்காதிருக்க முடிவதில்லை. அதே ஆண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் ஜமாய்க்கா, ஃபீஜி, தென்னாப்பிரிக்கா எனச் சென்று உணவும் சோகையும் ஆராய்ந்தார். வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் செல்சி நகராட்சியில் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. ஆய்வுக்கூடத்திற்கு மிதிவண்டியிலேயே சென்றுவந்தவர் என்பர். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் காலமானார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, ஹிபர்ட், சிமிதெல்ஸ் என்னும் இரு மருத்துவர்கள், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் ஒழுங்காக மூடாமற் பிறப்பதற்கும் தாயின் ஃபோலிக் அமிலக் குறைவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று எழுதினர். அதனை ஐயமற நிறுவியது 1991ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டுச் சோதனை. முன்னர் அவ்வாறு ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார் கருவுறும் முன்பிருந்தே அம்மாத்திரையை உண்டபோது, அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. கருவுறும் முன்பிருந்தே என்பதுதான் இதில் முக்கியம். கருத்தரித்த இருபத்தெட்டு நாட்களுக்குள் அக்குழல் மூடிவிடுகிறது. தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அப்போது அறிவதேயில்லை. முதல் இரத்தப் பரிசோதனைக்கு வந்து நிற்கும்போது அந்த நாள் கடந்துவிட்டிருக்கும்.

ஆகவேதான் சில நாடுகள் மாத்திரையை நம்பாமல் மாவிலேயே இச்சத்தைக் கலக்க முடிவு செய்தன. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டிலேயே அது கட்டாயமாயிற்று. லூசி வில்ஸ் பிறந்த நாடோ பன்முறை ஆராய்ந்து, பன்முறை தள்ளிவைத்து, 2024ஆம் ஆண்டில்தான் அதற்குச் சட்டம் செய்தது. 2026ஆம் ஆண்டு திசம்பரில் நடைமுறைக்கு வரவேண்டும் என்று அதில் நாள் குறிக்கப்பட்டது. அம்மையாரின் மார்மைட் கட்டுரை வெளிவந்த 1931ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால் தொண்ணூற்றைந்து ஆண்டுகள்.